கப்பித்தான் ருசி பார்த்த சர்க்கரை

பழவேற்காடு,
ஹிஜ்ரி 1181, ரபீஉல் அவ்வல் பிறை 20, ஆவணி.

அன்பு மச்சானுக்கு உங்கள் ஹானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அண்ணன் அப்துல் ஹையும் வீட்டார் எல்லாரும் ரப்பின் கிருபையால் சுகம். மலாக்காவில் உங்கள் சுகத்துக்காக ஐந்து வேளையும் கை ஏந்துகிறேன்.

அப்துல் ரவூப் மரைக்காயரின் கப்பல் நாளை மறுநாள் பாய் விரிக்கிறது. வழக்கம்போல ஒரு சாடி இறால் ஊறுகாய் அனுப்புகிறேன். இந்த வருஷம் ஏரியில் இறால் தாராளமாகப் பட்டது. உலாந்தா வெள்ளைக்காரர்களின் கோட்டைச் சமையலுக்குப் போனது போக, ஊருக்கும் நல்லதாகவே மிஞ்சியது. ஒரு வாரமாக எனக்குச் சரியான ஜலதோஷம். மூக்கு இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் என் கையாலேயே செய்து, மேலெண்ணெய் ஊற்றி, மெழுகு வைத்து மூடினேன். இன்னொருத்தர் கை பட்டால் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்களே.

கப்பல் திரும்பினால் தெருப் பெண்கள் எல்லாரும் கடிதம் கேட்க நம் முற்றத்தில்தான் கூடுவார்கள். மற்ற வீட்டு ஆண்கள் 'சாடி வந்தது, நலம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள்தான் எந்தக் கடை மிளகாய், எத்தனை நாள் வெயில் என்று பிரித்துப் பிரித்து எழுதுவீர்கள். அண்ணன் உரக்க வாசிக்க, நான் உள்ளே நின்று கேட்டுக் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்வேன். போன வருஷம் நீங்களும் 'சாடி வந்தது, அருமை' என்று நிறுத்திவிட்டீர்கள். வந்திருந்தவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டு எழுந்து போனார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. போன வருஷம் நீங்கள் வாங்கி அனுப்பிய சர்க்கரையில் பூசண வாடை அடித்ததாம். மரைக்காயர், "உங்க மாப்பிள்ளை மூக்கை நம்பித்தான் நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கறேன், அவருக்கே சறுக்குதுன்னா இன்னா பண்றது"ன்னு அண்ணனிடம் சொன்னாராம். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. மூன்று வருஷத்தில் வருவேன் என்பதுதான் பேச்சு. நான் நினைவுபடுத்தத்தான் செய்கிறேன், நச்சரிக்கவில்லை.

துஆவுடன்,
உம்மு ஹானி


மலாக்கா,
ஹிஜ்ரி 1181, ஷஃபான் பிறை 9.

என் ஹானிக்கு உன் மச்சான் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். இங்கு அல்லாஹ் உதவியால் சுகம். உன் ஜலதோஷம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சாடி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. போன வருஷம் சுருக்கமாக எழுதிவிட்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஆகவே இந்தத் தடவை வட்டியோடு எழுதுகிறேன், அண்ணனை நன்றாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்கச் சொல். மூடியைத் திறந்ததுமே நல்லெண்ணெய் மணம் வாசல் வரைக்கும் போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிடங்குக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள். எங்கே வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்ற வெட்கம் போலும். எண்ணெய் நம் செக்கில் ஆட்டிய புது எண்ணெய் என்று முதல் கவளத்திலேயே தெரிந்துகொண்டேன். உப்பும் புளியும் அளவாக. மிளகாய் வறுத்த பதம் உன் கைப்பதம். பதினைந்து நாளில் சாடியின் அடியை வழித்துவிட்டேன்.

மரைக்காயருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்த வருஷச் சர்க்கரையில் குறை இருக்காது.

நான் வருவதைப் பற்றி அவசரப்படாதே. இங்கே வேலைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன் மச்சான்
கௌஸ் மைதீன்


பழவேற்காடு,
ஹிஜ்ரி 1182, ரபீஉல் ஆகிர் பிறை 6, ஆவணி.

மலாக்காவில் இருக்கும் கௌஸ் மைதீன் அவர்களுக்கு உம்மு ஹானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் மாசியில் வந்தது. அண்ணன் முற்றத்தில் உரக்க வாசித்தார். பெண்கள் எல்லாரும் 'மாஷா அல்லாஹ்' என்றார்கள். நான் உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நம் கொல்லையில் தோணிக்கார மாசிலாமணியின் சாடி ஒன்று எப்போதும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் குடிசை ஒழுகுகிறது என்று, தோணிக்கு அடிக்கும் சுறா எண்ணெயை நம் நிழலில்தான் வைத்திருப்பார். நம் நல்லெண்ணெய்ச் சாடியும் அதுவும் பார்க்க ஒன்று. போன வருஷம் கப்பல் போய்ப் பத்தாம் நாள் மாசிலாமணி வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா இது, தோணிக்கு எண்ணெ அடிச்சா எறும்பு மொய்க்குது. ஊருல இருக்கிற எறும்பெல்லாம் என் தோணியிலதான் குடியிருக்குது. என் பொஞ்சாதி மோந்து பார்த்துட்டு, உங்க வீட்ல அதிரசம் சுட்ட வாசனெ அடிக்குதுன்றா"ன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்த நாளில், நம் சாடி என்று அவர் சாடியை எடுத்து உங்கள் ஊறுகாய்க்கு மேலெண்ணெய் ஊற்றியிருக்கிறேன். நான்கு விரல் உயரத்துக்குச் சுறா எண்ணெய். கொல்லையில் மிஞ்சிய நம் நல்லெண்ணெய்ச் சாடியை அவர் தூக்கிப்போயிருக்கிறார். நம் தெருவில் மீன் வாடை எப்போது இல்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு மாதம் வெட்கத்தில் செத்தேன். திட்டி எழுதுவீர்கள், தெருவே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

நீங்களோ நல்லெண்ணெய் மணக்கிறது, செக்கில் ஆட்டிய புது எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சாடியை நீங்கள் திறக்கவே இல்லை. திறந்த எவரும் அப்படி எழுத முடியாது. தெருவில் யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு கதை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஊறுகாய் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதலாம். பொய் எதற்கு என்று யோசித்தேன். அதற்கும் பதில் தானாக வந்தது. உங்கள் கடிதம் வந்த கப்பலிலேயே வந்த ஒருவர் அண்ணனிடம் சொன்னாராம், "உங்க மாப்பிள்ளை அங்கே யாருக்கோ தன் கையால ஊட்டிவுட்டுட்டுத்தான் அப்புறம் தான் சாப்புடறாராம், மலாக்காவே பேசுது"ன்னு.

கடல் கடந்து போகும் ஆண்கள் அங்கே ஒரு வீடு வைத்துக்கொள்வது புதிது இல்லை. இந்தத் தெருவிலேயே மூன்று பெண்கள் தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிறார்கள். என்னால் முடியாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் சொல்லி, பெண் தானே கேட்டு வாங்கும் மணவிலக்குக்குக் காஜியாரிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷம் பொறுக்கும்படி அவர் சொன்னார். அந்த ஒரு வருஷம் இந்தக் கடிதம் போய்ப் பதில் வரும் காலம்தான்.

உங்களிடம் ஒன்றே கேட்கிறேன். அங்கே யார் இருக்கிறார்கள்? இந்தத் தடவை உண்மை எழுதுங்கள். இந்த வருஷம் சாடி அனுப்பவில்லை.

உம்மு ஹானி


மலாக்கா,
ஹிஜ்ரி 1182, ஷஃபான் பிறை 3.

ஹானி, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை மரைக்காயரின் கடிதக் கட்டோடு சேர்க்கவில்லை. நாகூர் போகும் ஒரு நம்பிக்கையான ஆள் கையில் கொடுக்கிறேன். முற்றத்தில் வாசிக்க வேண்டாம். அண்ணனிடமும் கொடுக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

உன் கடிதத்தில் முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது. நிக்காஹ் ஆன பதினோரு வருஷத்தில் உன் கையெழுத்தில் என் பெயரை இப்போதுதான் பார்க்கிறேன். காஜியார் பேச்சு வருவதற்கு முன்பே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சாடியைத் திறந்தேன். நான்தான் தின்றேன். அடிவரை தின்றேன். கிடங்குக்காரர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

1179 ஷவ்வாலில் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து ஒரு கப்பி வந்து என் பிடரியில் அடித்தது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி குடித்தேன். கஞ்சியில் ஒன்றும் இல்லை. நோயாளி வாய் அப்படித்தான் என்று நினைத்தேன். மாதம் ஒன்றாயிற்று. காப்பி கசந்தது, அவ்வளவுதான். மீன் குழம்பு உப்பும் புளியுமாய் வெந்நீராக இருந்தது. கிடங்கில் கற்பூர மூட்டைக்கு நடுவில் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

இங்கே கோட்டையில் ஒரு கிழட்டு உலாந்தா வைத்தியர் இருக்கிறார். செத்த குரங்குகளின் மண்டையைத் திறந்து பார்த்துப் படம் எழுதி வைக்கும் மனிதர். அவர் என் கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் ஒவ்வொன்றாக வைத்தார். உப்பு என்றேன், சரி. எலுமிச்சை, சரி. சர்க்கரை, கசப்பு மருந்து, இரண்டும் சரி. பிறகு மூக்கின் கீழே ஏதோ பிடித்தார். இன்னும் ஏன் எதையும் காட்டவில்லை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிடித்திருந்தது அழுகின மீன்.

"நாக்குக்குக் கேடு இல்லை. நாக்கு வாசல் காவல்காரன். உப்பு வந்திருக்கிறான், புளி வந்திருக்கிறான் என்று உள்ளே சொல்லுவான். மற்ற சேதி எல்லாம் மூக்கு வழியாகப் போவது. அந்த நூல் உனக்கு அறுந்துவிட்டது. எல்லாச் சேதியும் சேர்ந்து ருசி என்று ஆவது தலைக்குள்ளே," என்றார். மனிதன் தலையும் குரங்கின் தலையும் இந்த விஷயத்தில் ஒன்றுபோலத்தான் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

நான் எதை விற்றுப் பிழைக்கிறேன், ஹானி? மூக்கைத்தானே. அது போனதென்று பழவேற்காட்டுக்கு எழுதினால் அண்ணன் முற்றத்தில் உரக்க வாசிப்பார், பொழுது சாய்வதற்குள் மரைக்காயர் காதுக்குப் போகும். அதனால் மறைத்தேன். முதல் வருஷம் கண்ணால் பார்த்தே சர்க்கரை வாங்கினேன். பூசணம் பிடித்த சர்க்கரை என் தலையில் விழுந்தது.

அப்புறம்தான் கப்பித்தானை வாங்கினேன். நான் ஊட்டிவிடுவதாக ஊரே பேசுகிறதே, அந்த ஆள் இவன்தான். குரங்கு. இங்கே தேங்காய் பறிக்கக் குரங்கு பழக்குவார்கள். இவனுக்கு வயதாகிவிட்டது, மரம் ஏற முடியவில்லை. குட்டை வால், நரைத்த தாடை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டைக் கப்பித்தான் துரைமாதிரி நடப்பான். அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு துண்டு சர்க்கரையை அவன் கையில் கொடுப்பேன். பூசணம் இருந்தால், தீய்ந்திருந்தால், முகர்ந்ததும் எறிந்துவிடுவான். என் மூக்கு இப்போது அவனிடம் இருக்கிறது.

ஆனால் முதல் நாளே அவன் என் மானத்தை வாங்கினான். இருபது மூட்டை பார்க்கவேண்டியிருந்தது. ஏழெட்டு வரை ஆசையாகத் தின்றான். பத்தாவதுக்கு மேல் எதைக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டான். பாதிச் சரக்கு கெட்டது என்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் வேறொரு வியாபாரி அதையே வாங்கிக்கொண்டு, முதல்தரம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். வயிறு நிறைந்துவிட்டது போலும் என்று நினைத்து, அன்று சாயங்காலம் சர்க்கரை தின்று ஓய்ந்தவன் முன்னால் ஒரு வாழைப்பழத்தை நீட்டிப் பார்த்தேன். பிடுங்கி இரண்டே வாயில் தின்றான். வயிறு நிறையவில்லை. சர்க்கரைதான் போதும் என்றாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவனைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். கெட்ட துண்டு என்றால் தூர எறிவான். நல்ல துண்டு, ஆனால் தின்று அலுத்துவிட்டது என்றால், ஒருதரம் நக்கிவிட்டு மெல்லக் காலடியில் வைப்பான். இது இன்னது, இது நல்லது என்று அவனுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. வேண்டும் என்கிற ஆசை மட்டும்தான் வற்றுகிறது. அறிகிற இடம் ஒன்று, ஆசைப்படுகிற இடம் வேறு. இதை வைத்தியரிடம் சொன்னபோது கிழவர் என் தோளைத் தட்டி, நாற்காலியில் உட்காரச் சொன்னார். இப்போது கப்பித்தானுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து மூட்டைக்கு மேல் காட்டுவதில்லை. நடுவில் அவித்த கிழங்கு கொடுத்து வாயை மாற்றுகிறேன். அவன் தின்ற பிறகே நான் தின்கிறேன், ஏனென்றால் என் சோறு கெட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

இனி உனக்கு மட்டும் சொல்லவேண்டியது. ஊருக்கு வராததற்கு வேலை காரணம் இல்லை. எனக்குப் பயம். எனக்கு வீட்டு ஞாபகம் வருவதே வாசனையோடுதான் என்று அது போன பிறகே தெரிந்தது. உன் முகம் நினைவில் இருக்கிறது. பழவேற்காட்டுத் தெருவும் இருக்கிறது. ஆனால் எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுபோல இருக்கிறது. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தும் அப்படியே இருந்தால் என்ன செய்வேன்? கப்பித்தான் அலுத்த சர்க்கரையைக் காலடியில் வைப்பான் பார், அதுமாதிரி என் ஆசையும் வற்றிவிட்டதோ என்று பயந்தேன். உன் கடிதத்தில் காஜியார் பெயரைப் பார்த்ததும் அந்தப் பயம் போய்விட்டது. ஆசை வற்றினவன் உட்கார்ந்து இப்படியொரு கடிதம் எழுதமாட்டான்.

உப்பும் புளியும் அளவு என்று எழுதினேனே, அதுவும் பொய். எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டும்தான், அதிலும் பொய் சொன்னேன். அந்தச் சாடியில் உப்பு வழக்கத்தைவிட இரண்டு பங்கு. புளிப்பு பாதிகூட இல்லை.

நான் மறைத்தது தப்பு. உனக்கு என்ன சரியென்று படுகிறதோ அதைச் செய். இங்கே வேறு யாரும் இல்லை.

கௌஸ் மைதீன்


பழவேற்காடு,
ஹிஜ்ரி 1183, ரபீஉல் ஆகிர் பிறை 14, ஆவணி.

என் மச்சானுக்கு உங்கள் ஹானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ்.

உங்கள் கடிதம் நாகூர் சுற்றி, பங்குனியில் ஒரு கோரைப்பாய் வியாபாரி கையில் வந்தது. கொல்லையில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். கப்பி அடித்த இடத்தில் அழுதேன். குரங்கு வந்த இடத்தில் இது இன்னொரு கதை என்று நினைத்துக் கடிதத்தை மடித்துவிட்டேன். நல்லெண்ணெய்க் கதை எழுதினவருக்குக் குரங்குக் கதை எழுதத் தெரியாதா? கடைசியில் மனம் கேட்காமல் எடுத்து மிச்சத்தையும் படித்தேன். உப்பு இரண்டு பங்கு, புளிப்பு பாதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

மச்சான், அந்த ஊறுகாய் போட்ட அன்று காலையில் எனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை. மூன்று வருஷமாய் வராதவனுக்கு என்ன ஊறுகாய் என்று கேட்டுவிட்டார். அந்த ஆத்திரத்தில் உப்பு போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டேன். புளிக்கரைசல் கை தட்டிப் பாதி கொட்டிப்போனது. திரும்பக் கரைக்கவும் பிடிக்கவில்லை, இருக்கட்டும் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கடிதத்திலும் எழுதவில்லை. சாடியின் அடிவரை தின்ற ஒருவருக்குத்தான் அது தெரியும்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். கொல்லையிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், வெறுந்தரையில். அண்ணன் வந்து எழுப்பி, "இன்னா ஆச்சு, உடம்பு சரியில்லியா"ன்னு கேட்டார். ஒன்றுமில்லை, பசிக்கிறது என்றேன்.

மறுநாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு காஜியார் வீட்டுக்குப் போய் மனுவைத் திரும்பக் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "காரணம் இன்னா"ன்னு கேட்டார். "உப்பு"ன்னேன். அப்புறம் காகிதம் திரைக்கு அடியில் வந்தது. வழியெல்லாம் அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்துதான் எல்லாம் சொன்னேன். மனிதர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கடுதாசிய நான் தொண்ட கிழிய வாசிச்சேனே, பாவம், சுறா எண்ணெய இல்ல தின்னிருக்கார்"ன்னு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி எழுதுவதற்குக் கோபப்படாதீர்கள். மரைக்காயரிடமும் சொல்லிவிட்டேன். அண்ணனை முன்னால் அனுப்பிவிட்டு நானே போய்ச் சொன்னேன். உங்களை நம்பிச் சரக்கு வாங்குகிறவர், அவருக்குத் தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூசணச் சர்க்கரைக்கு உங்கள் மேல் ஒரு சந்தேகம் அவர் மனதில் இருந்தது, அது போகவேண்டும் என்பதும் ஒரு காரணம். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பொ இந்த ரெண்டு வருஷச் சர்க்கரைய ருசி பார்த்தது யாரு"ன்னு கேட்டார். இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல சர்க்கரை வந்ததில்லையாம், கோட்டையிலிருந்தே ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். நான் கப்பித்தான் என்றேன். எந்தக் கப்பல் கப்பித்தான் என்றார். தேங்காய் பறிக்கிற கப்பித்தான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கணக்கப்பிள்ளைகள் எல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

சிரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "உன் மச்சான வரச் சொல்லும்மா. இங்க தறித்துணி பார்த்து வாங்கற வேலைக்குக் கண்ணும் விரலும் போதும், மூக்கு எதுக்கு. இத்தினி வருஷமா அவரு ஒருத்தரே சுமந்துகினு இருந்திருக்காரே"ன்னு. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டு ஞாபகம் வாசனையோடு போய்விட்டது என்று பயந்திருக்கிறீர்கள். நம் வீட்டு வாசனை என்ன அத்தரா மச்சான்? பாதி கருவாடு, மீதி ஏரிச்சேறு. ஜலதோஷத்தில் ஒரு வாரம் மூக்கு அடைத்ததற்கே எனக்கு எரிச்சலாக வந்தது, உங்களுக்கு மூன்று வருஷம். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு எப்படிச் சமைப்பது என்று மூன்று மாதமாக யோசித்து வருகிறேன். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு தின்று பார்க்கிறேன். அண்ணன் எனக்குப் பைத்தியம் என்கிறார். மூக்கை அடைத்துக்கொண்டால் இறால் ஊறுகாய் வெறும் உப்புச் சக்கை, மீன் குழம்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து, சூடான சோறும் புளித்தண்ணீரும் பச்சைமிளகாயும் வைத்துத் தின்றால் நன்றாகவே இருக்கிறது. கடிக்கும் சத்தமும் சூடும் காரமும் இருக்கிறதே, அவற்றுக்கு மூக்கு வேண்டியதில்லை. நன்றாக இல்லையென்றால் பொய் சொல்லாமல் நன்றாக இல்லை என்று சொல்லுங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.

வரும் கப்பலிலேயே புறப்படுங்கள். கப்பித்தானை அங்கே விட்டுவிட வேண்டாம். வயதானவன், உங்களை விட்டால் யார் ஊட்டுவார்கள்?

உங்கள்
ஹானி


பழவேற்காட்டுக் கடலில், கப்பலிலிருந்து,
ஹிஜ்ரி 1183, ஷவ்வால் பிறை 11, உச்சிப்பொழுது லுஹர் தொழுகை முடிந்து.

ஹானி,

வந்துவிட்டேன். இன்று அலை பெரிதாக இருக்கிறதாம், முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கிறதாம், ஆட்களை இறக்கும் படகு நாளைக் காலையில்தான் வருமென்று மாலுமி சொல்கிறார். கடலோரக் குப்பத்துத் தங்கவேல் கட்டுமரத்தில் வந்திருக்கிறார். ஓலைத் தொப்பிக்குள் வைத்துக் கடிதம் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்கிறார். அவசரத்தில் எழுதுகிறேன்.

பாய்மரத்தடியில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டைக் கொடி தெரிகிறது. பள்ளிவாசல் தெரிகிறது. ஏரிக் காற்று முகத்தில் படுகிறது, வாசனை ஒன்றும் இல்லை. கப்பித்தான் மட்டும் காற்றை முகர்ந்து முகர்ந்து துள்ளுகிறான். எனக்கு அப்போது பயம் திரும்பி வந்தது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இந்த ஒரு ராத்திரி போதும், காலையில் வந்துவிடுவேன்.

மச்சான்


பழவேற்காட்டுக் கடற்கரை,
அதே நாள், மாலை அஸர் தொழுகை நேரம்.

மச்சான்,

காலைவரை காத்திருக்க வேண்டாம். தங்கவேல் கட்டுமரத்திலேயே வந்துவிடுங்கள், அவரிடம் பேசிவிட்டேன். நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம். பெட்டிகள் நாளைக்கு வரட்டும். கப்பித்தானை மேல்துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

பயம் இருந்தால் இருக்கட்டும். அதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

கரையில் ஒரு கவிழ்த்த தோணியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். தெருப் பெண்கள் அத்தனை பேரும் என்னோடு வந்து நிற்கிறார்கள், போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளைத் துப்பட்டிதான், அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது.

கையை ஆட்டுகிறவள் நான்.

ஹானி